செவிவழி வாசகர், முதல் தரம்

இனி வரப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் மூக்குக்கண்ணாடி மேல் சத்தியம். பெற்றவர்கள் மேலும் பிள்ளைகள் மேலும் சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொய்யைச் சொல்லிவிட்டுச் சாவகாசமாகக் காபி குடிப்பார்கள். மூக்குக்கண்ணாடி அப்படியல்ல, அது உடைந்தால் அன்றைக்கே சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே நம்பலாம்.

லிஃப்டுக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதர். பெரிய கட்டடங்களின் உச்சியில், மொட்டைமாடிக்கும் மேலே, ஒரு மோட்டார் அறை இருக்கும். குடியிருக்கிறவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கிரீஸ் வாசனை, இரும்புக் கயிறு சுற்றும் பெரிய சக்கரம், ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, சர்வீஸ் தாள்களின் பின்பக்கத்தில் அவர் நாவல் எழுதிக்கொண்டிருந்தார். முன்பக்கத்தில் 'கயிறு சரி, கதவு சரி, எண்ணெய் இட்டது' என்று இருக்கும்.

அவருக்கு இரண்டு மொழிகள். ஒன்று வீட்டு மொழி, இன்னொன்று ஊர் மொழி. அவற்றின் பெயர்களை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் உடனே கட்சி பிரிந்து உட்கார்ந்துகொள்வீர்கள், கதை கேட்க ஆள் இருக்காது. வீட்டு மொழியில்தான் அவர் பசியைச் சொன்னார், காதலைச் சொன்னார், காய்ச்சலில் புலம்பினார். ஊர் மொழியில்தான் பிரேக் என்றால் என்ன, கயிறு எப்போது அறும், மேலதிகாரியிடம் எப்படிக் குனிவது என்பதையெல்லாம் கற்றார். மனைவியிடம் மன்னிப்புக் கேட்பதை மட்டும் ஊர் மொழியில் வைத்துக்கொண்டார். வீட்டு மொழியில் கேட்டால் உண்மையாகவே கேட்டதாக ஆகிவிடும்.

நாவலின் விஷயம் இதுதான். ஒரு பெண் லிஃப்டில் போகும்போது, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் அது நின்றுவிடுகிறது. பழுது பார்க்க ஆள் வருகிறான், போகிறான், மாறுகிறான், ஓய்வு பெறுகிறான். அவள் உள்ளேயே வாழ்ந்துவிடுகிறாள். லிஃப்டுக்கு உள்ளே அவள் தனக்குத்தானே பேசுவது முழுக்க வீட்டு மொழியில். வெளியே நின்று "கொஞ்சம் பொறுங்கம்மா, இதோ ஆச்சு" என்று தலைமுறை தலைமுறையாகக் கத்தும் மெக்கானிக்குகள் பேசுவது ஊர் மொழியில். அவர் திட்டம் போட்டு அப்படி எழுதவில்லை. பேனா அப்படித்தான் போயிற்று.

அந்த நாவலுக்கு ஊரில் இரண்டே இரண்டு வாசகர்கள் இருந்தார்கள்.

ஒருவர் அவர் மனைவி. எழுத்துப் பழகாதவர். காலை ஷிப்ட் முடிந்து லிஃப்டுக்காரர் மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார், கை கழுவுவார், அன்றைக்கு எழுதியதைப் படித்துக் காட்டுவார். அந்த அம்மா அவருடைய நாற்காலியை ஜன்னலுக்கு நேரே இழுத்துப் போட்டு, தான் எதிரே உட்கார்ந்துகொள்வார்.

"வெளிச்சத்துல உட்காருங்க. படிக்கிறப்போ உங்க முகம் நல்லா இருக்கு."

"முகமா கதை சொல்லுது?"

"ம்… அப்புறம்?"

இந்த 'அப்புறம்'தான் அந்த அம்மாவின் விமரிசனம், முன்னுரை, விருது எல்லாம். அவர் மூச்சு வாங்க நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் தவறாமல் வரும். ஊர் மொழி அந்த அம்மாவுக்கு அரைகுறைதான், ஆனாலும் மெக்கானிக்குகள் பேசும் இடத்திலும் அதே 'அப்புறம்' வரும். இப்படி ஒரு கேட்பவர் கிடைக்க எழுத்தாளன் என்ன புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று லிஃப்டுக்காரர் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

குறை இல்லாத மனுஷி என்று சொல்ல வரவில்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தாலும் திரும்பிப் பார்க்காத அலட்சியம் உண்டு. டெலிபோனைக் கையால் தொடமாட்டார், "வேலை இல்லாதவங்க பேசுறது அதுல" என்பார். முதுகுக்குப் பின்னால் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை என்று கொஞ்ச வருடங்களாக ஒரு கொள்கை வேறு. வயது ஏற ஏறக் கர்வமும் ஏறுகிறது என்று லிஃப்டுக்காரர் நினைத்துக்கொண்டார். சந்தோஷமாகத்தான் நினைத்துக்கொண்டார்.

இன்னொருவர் அவர் மகள், மருந்துக்கடையில் வேலை. வீட்டு மொழி காதில் விழுந்தால் பாதி புரியும், எழுத்து தெரியாது. எந்தப் பள்ளியிலும் அது சொல்லித்தரவில்லை, அவரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று இருந்ததில் பெண்ணுக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவாள். அம்மாவின் தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேரே நின்று நாலு வார்த்தை பேசுவாள். பிறகு ஊர் மொழித் தாள்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் படிப்பாள்.

"எனக்கு லிஃப்டுக்கு வெளிய நிக்கிறவங்களதாம்பா தெரியும். உள்ள இருக்கிற பொம்பளை யாருன்னே தெரியல."

"ஒருநாள் சொல்றேன் பாப்பா."

"மூணு வருஷமா இதையே சொல்றீங்க. உங்க மெக்கானிக் மாதிரியே."

நாவல் இருபது அத்தியாயம் முடிந்திருந்தபோது நோட்டீஸ் வந்தது.

ஒருமொழி உறுதித் துறை என்று ஒரு துறை. நாற்பது பக்கத்துக்கு மேல் இரண்டு மொழிகளில் எழுதியவர்கள் நேரில் வந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும், மற்றதை ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்த மொழியில் அதன் பிறகு எழுதுவதும், எழுதியதைப் பெயர்த்துத் தருவதும் கடத்தலாகும். தவறினால் இரண்டும் பறிமுதல். கீழே துறையின் முத்திரை: ஒரு வாய், ஒரு மொழி, ஒரு கையெழுத்து.

துறை ஏழு மாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருந்தது. லிஃப்டில் 'பழுது, ஒத்துழைப்புக்கு நன்றி' என்று பலகை. சாதாரண அட்டை இல்லை, கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, நாலு மூலையிலும் திருகாணி வைத்து மாட்டியிருந்தார்கள். நீண்டகால ஒத்துழைப்பை எதிர்பார்த்தவர்கள்.

லிஃப்டுக்காரர் கதவில் காதை வைத்தார். பொத்தானை அமுக்கினால் மேலே மோட்டார் உறுமுகிறது, பெட்டி அசையவில்லை.

"பிரேக் விட மாட்டேங்குது. கம்பி ஒண்ணு தளர்ந்திருக்கும். பத்து நிமிஷ வேலை, போட்டுடட்டுமா?" என்று வாசற்காவலரைக் கேட்டார்.

"நீங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"எழுத்தாளர்னு நோட்டீஸ் வந்துது."

"அப்போ எழுத்தாளரா மேல போங்க. மெக்கானிக்கா வரணும்னா மெக்கானிக்குக்கு நோட்டீஸ் வரும். படி அந்தப் பக்கம்."

ஆறாம் மாடியில் ஒரு குமாஸ்தா இருந்தார். ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் நாலு பேனா, நாலும் துறை கொடுத்தது, நாலும் எழுதாது.

"எந்த மொழி சார்?"

"ரெண்டும்."

"ரெண்டும்னு கட்டம் இல்லையே."

"ஒரு கட்டம் போட்டுக்கக் கூடாதா?"

"கட்டம் போடுற பிரிவு தரைத்தளத்துல இருக்கு. லிஃப்ட் சரியானாதான் மேல வருவாங்க." குமாஸ்தா குரலைத் தணித்தார். "உங்களுக்கே தெரியலேன்னா சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சுடுவோம். பயப்படாதீங்க. வலிக்கும், அவ்வளவுதான்."

முதலாவது இடறல் பிரிவு. அந்த அறையின் வாசற்படியை இரண்டு விரல்கடை உயர்த்திக் கட்டி, மேலே தரைவிரிப்பு போட்டு மறைத்திருந்தார்கள். கால் இடித்துக்கொள்ளும்போது மனிதன் எந்த மொழியில் கத்துகிறானோ அதுவே அவன் மொழி என்பது துறையின் கண்டுபிடிப்பு. லிஃப்டுக்காரர் சரியாக இடித்துக்கொண்டார். கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. ஆனால் மனிதர் கத்தவில்லை. லிஃப்ட் குழியில் வேலை செய்கிறவன் கத்தக்கூடாது, மேலே ஒருவன் கத்தினால் கீழே இருப்பவன் பெட்டி வருகிறது என்று பதறிக் குதித்துவிடுவான். முப்பத்திரண்டு வருடப் பழக்கம். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். குமாஸ்தா இரண்டு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டு, 'மௌனம்' என்று எழுதினார்.

"மௌனம் மூணாவது மொழி சார். அதுக்குத் தனி விண்ணப்பம்."

அடுத்தது கனவுப் பிரிவு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டிலில் படுக்கவைத்துத் திரையை இழுத்துவிடுவார்கள். தூக்கத்தில் உளறுவதைக் குறித்துக்கொள்ளப் பக்கத்தில் குமாஸ்தா நோட்டும் கையுமாக உட்காருவார். குமாஸ்தாவைக் குறித்துக்கொள்ள ஒரு கண்காணிப்பாளர் அம்மாள். கால் விரல் தெறித்ததில் லிஃப்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. குமாஸ்தாவுக்கு வந்துவிட்டது. தலை தொங்கிப்போய், குழந்தை மாதிரி ஏதோ முனகினார். லிஃப்டுக்காரரின் இரண்டு மொழிகளிலும் சேராத ஒரு மொழி அது. இந்த வேலைக்காகப் பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அவர் ஒப்படைத்துவிட்ட மொழி என்று பிறகு தெரிந்தது. அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஆனால் கதவைத் தட்டுவதுபோல விரலை மடக்கி மடக்கிக் கட்டில் காலில் தட்டினார். அதைக் கேட்ட எந்த மனுஷனுக்கும், உள்ளே இருக்கிற அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று விளங்கியிருக்கும்.

கண்காணிப்பாளர் அம்மாள் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து குமாஸ்தா மேஜைக்கு இந்தப் பக்கம், விண்ணப்பதாரர் வரிசையில் நின்றார். நாலு பேனாவையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

சோதனைகளில் முடிவு கிடைக்காததால் கோப்பு இயக்குநரிடம் போயிற்று. இயக்குநர் நல்ல உயரம், நல்ல குரல். லிஃப்டுக்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் ஒருவருக்காக எழுந்து நின்று உரையாற்றினார்.

"நண்பரே, எங்களைக் கொடியவர்கள் என்று நினைக்காதீர்கள். மொழிகள் மீது எங்களுக்கு அளவற்ற மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் தொலைவில் வைத்திருக்கிறோம். இரண்டு மொழியில் ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? இந்தத் துறை அவரை இரண்டு முறை படிக்க வேண்டி வரும். ஒரு முறை படிக்கும் வழக்கமே இங்கே இல்லை. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு பக்கமும் படிக்காமல் இந்த நாற்காலியின் நடுநிலையைக் காத்துவருகிறேன். நானும் இளமையில் கவிதை எழுதியவன்தான். என் சுற்றறிக்கைகளில் அந்த ஈரத்தை நீங்கள் உணரலாம். ஆனால் யாரும் உணர்வதில்லை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள்." கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் உடைந்தது. தண்ணீர் குடித்துச் சரிசெய்துகொண்டார். "ஆகவே தேர்வை உங்களிடமே விடுகிறேன். எந்த மொழியைத் தேர்ந்தாலும், அதில் உங்களுக்கு உயிரோடு ஒரு வாசகர் இருப்பதை நிரூபிக்க வேண்டும். நேரில் அழைத்து வாருங்கள். அடுத்த செவ்வாய், இங்கே."

"ஐயா, வீட்டு மொழின்னா என் சம்சாரம்தான். அவளுக்கு இருதயம் வீங்கியிருக்கு, படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தரைத்தளத்துல வெச்சுக்க முடியாதா?"

"ஆறாம் மாடியில் நடப்பதால்தான் அது ஆறாம் மாடித் தேர்வு."

"இல்லேன்னா லிஃப்டை நானே சரி பண்ணிடறேன். பத்தே நிமிஷம்."

இயக்குநர் வருத்தமாகச் சிரித்தார். "விண்ணப்பதாரர் அலுவலகத்தின் உடைமையைத் தொட்டுச் சீர்செய்தால், அதற்கு என்ன பெயர் தெரியுமா? கையூட்டு."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நோட்டீசைப் படித்தாள், மடித்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போங்கப்பா. ஊர் மொழின்னு எழுதிக் கொடுங்க. ஆறு மாடியும் ஓடியே ஏறிடுவேன்."

"அம்மாவுக்கு யார் படிச்சுக் காட்டுறது?"

"எனக்கு மட்டும் யார் காட்டுறா? இந்த வீட்ல நான் பொறந்ததுலேருந்து நீங்க ரெண்டு பேரும் ஒரு பெட்டிக்குள்ள பேசிக்கிறீங்க, நான் வெளிய நின்னு பொத்தானை அமுக்கிட்டே இருக்கேன்."

பெண் இப்படி ஒரு வாக்கியம் பேசுவாள் என்று லிஃப்டுக்காரர் எதிர்பார்க்கவில்லை. எழுத்தாளனுக்கு அதில் ஒரு நிமிடம் பெருமைகூட வந்தது, பிறகு வெட்கம் வந்தது.

"உனக்கு இன்னும் காலம் இருக்கு பாப்பா. அவளுக்கு இப்போதான். மத்தியானம் மூணு மணி ஆனா நாற்காலியை இழுத்துப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கா. நீயே பார்க்கிறியே, ஒரு வரி விடாம கேட்கிறா."

மகள் வாயைத் திறந்தாள். "அப்பா, அம்மாவுக்கு…"

எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மா மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை இப்படி அப்படி, ஒரே ஒரு தடவை அசைத்தார். மகள் வாயை மூடிக்கொண்டாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு நீங்கதான்."

செவ்வாய்க்கிழமை காலை லிஃப்டுக்காரரின் மனம் மாறியது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், கண்ணாடி மேல் சத்தியம் செய்திருக்கிறேன். ஷூ மாட்டக் குனிந்தபடியே, பின்னால் நின்ற மனைவியிடம் அவர் சொன்னார்:

"நீ வர வேணாம்மா. ஆறு மாடி உன்னால ஆகாது. பாப்பாவையே கூட்டிட்டுப் போறேன். ஊர் மொழியிலயே எழுதிக்கிறேன். உனக்கு வாயால சொல்லிடறேன், எழுதினாதானே குத்தம்."

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா செருப்பு மாட்டி, தலை வாரி, கதவுப் பிடியில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. நாற்பது வருட மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பி நிற்பதைவிடப் பெரிய பதில் என்ன இருக்கிறது? என் கதை என் மொழியிலேயே இருக்கட்டும் என்கிறாள் என்று அவர் புரிந்துகொண்டார். கண் கலங்கிவிட்டது. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு மாடி ஏற ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு மாடியிலும் அந்த அம்மா படியில் உட்கார்ந்தார். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ரொம்ப நேரம் உட்கார்ந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் லிஃப்டின் கம்பிக் கதவு. லிஃப்டுக்காரர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், லிஃப்டுக்கு என்ன கோளாறு என்பதை எதிரே மண்டியிட்டு விளக்கினார். பிரேக், சுருள், தளர்ந்த கம்பி, ஒரு திருப்புளி இருந்தால் போதும்.

"ம்… அப்புறம்?" என்றார் அந்த அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

தேர்வு அறையில் இயக்குநர் தயாராக இருந்தார். எழுத்துப் பழகாதவர் என்பதால் 'செவிவழி வாசகர்' என்று வகைப்படுத்தினார்கள். வீட்டு மொழிப் பகுதி ஒன்றை வாசித்து, அவர் கவனிக்கிறாரா என்று பார்ப்பது விதி. வீட்டு மொழியில் துறையிடம் இருந்தது ஒரே ஒரு பிரதிதான், இயக்குநரின் சொந்தச் சுற்றறிக்கை எண் நாற்பத்தொன்று. ஒலிப்பு பிசகாமல் படிப்பதற்கு மூன்று நாள் பயிற்சி எடுத்திருந்தார்.

முதல் பத்தி முடிந்து நிமிர்ந்தார்.

"ம்… அப்புறம்?" என்றார் அந்த அம்மா.

இயக்குநர் காகிதத்தை இறக்கி அந்த அம்மாவைப் பார்த்தார். இருபத்தாறு வருடச் சேவையில் அவருடைய சுற்றறிக்கை ஒன்றைக் கேட்டுவிட்டு 'அப்புறம்?' என்று கேட்ட முதல் மனிதப் பிறவி. இரண்டாம் பத்தியைப் படித்தார். 'அப்புறம்?' மூன்றாம் பத்தி, உட்பிரிவு அ, உட்பிரிவு ஆ, அடிக்குறிப்பு. 'அப்புறம்?' நாற்பத்தொன்று முடிந்ததும் நாற்பத்திரண்டை ஊர் மொழியிலேயே எடுத்தார். விடுப்பு விதிகளைப் படித்தார். அலுவலகத் துடைப்பம் வாங்கியது தொடர்பான கடிதப் போக்குவரத்தைப் படித்தார். கடைசியில் மேஜையின் அடி இழுப்பறையைத் திறந்து, மஞ்சளான ஒரு நோட்டை எடுத்து, இளமைக்காலக் கவிதைகளைப் படித்தார். ஒன்றே முக்கால் மணி நேரம். குரல் கம்மிவிட்டது. அந்த அம்மா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"இதிலிருந்து என்ன விளங்கிக்கொண்டீர்கள்?" என்று அவர் கடைசியாகக் கேட்டார். விதிப்படி கேட்டாக வேண்டும்.

அந்த அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாவம், ரொம்ப நேரமா தனியா பேசிட்டிருக்கீங்க. தண்ணி குடிங்க."

இயக்குநர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தன் எழுத்து முழுவதன் சாரத்தையும் ஒருவர் ஒரே வரியில் சொல்லிவிட்டதாகப் பிற்பாடு நிர்வாகக் கூட்டத்தில் குறிப்பிட்டார். கோப்பில், 'செவிவழி வாசகர், முதல் தரம், துறை வரலாற்றில் முதன்முறை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

பிறகு ஒப்படைப்பு. ஊர் மொழித் தாள்கள் நூற்று நாற்பத்தாறு. எண்ணி, கோணிப்பையில் போட்டு, வாயைத் தைத்து, அரக்கு வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வெளியே நின்று கத்தின மெக்கானிக்குகள் அத்தனை பேரும் ஒரே நாளில் ஊமையானார்கள். நாவலில் இப்போது ஒரு பெண் நின்றுபோன பெட்டிக்குள் பேசிக்கொண்டிருந்தாள், வெளியே யாரும் இல்லை. "கொஞ்சம் பொறுங்கம்மா, இதோ ஆச்சுங்கிற ஒரு வரியை மட்டும் வெச்சுக்கட்டுமா?" என்று லிஃப்டுக்காரர் கேட்டார். ஒரு வரியை விட்டால் ஒரு மொழியை விட்ட மாதிரி என்றார்கள்.

அந்தப் பையின் மேல் சீட்டில் மகள் பெயர் இல்லை. ஆனால் அதற்குள் இருந்தது அவளுக்குப் படிக்கத் தெரிந்த அப்பா முழுவதும்.

மாடிப்படி ஏறி வந்ததிலிருந்து அந்த அம்மா பழையபடி ஆகவில்லை. ஆனாலும் மூன்று மணிக்கு நாற்காலி இழுபடும் சத்தம் நிற்கவில்லை. லிஃப்டுக்காரர் மோட்டார் அறையில் வேகவேகமாக எழுதினார், முழுக்க வீட்டு மொழியில். மூன்றாவது வாரம், வியாழக்கிழமை, கடைசி அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தார். பெட்டி குலுங்குகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு கதவு ஒரு விரல் திறக்கிறது, ஒரு சாண் திறக்கிறது. வெளியே யாரோ நிற்கிறார்கள், காலணி தெரிகிறது, கை தெரிகிறது.

அவர் வேண்டுமென்றே அங்கே நிறுத்தினார். எழுத்தாளன் புத்தி. எவ்வளவு ஆசையாகக் கேட்பாள் என்று பார்க்கத் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் காத்திருந்தார்.

அப்புறம் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் தலையைத் தூக்காமலே இருந்தார்.

சான்றிதழ் எட்டாம் நாள் தபாலில் வந்தது. தாங்கள் வீட்டு மொழியில் எழுத இதன் மூலம் நிரந்தரமாக அனுமதிக்கப்படுகிறீர்கள். அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. வாசகர் காலமானால் முப்பது நாளுக்குள் மாற்று வாசகரை நேரில் நிறுத்தத் தவறும் பட்சத்தில் அனுமதி தானாக ரத்தாகும், ஒப்படைத்த மொழி எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது.

அதே வாரம் அவர் கம்பெனிக்கு ஒரு வேலை உத்தரவும் வந்தது. ஒருமொழி உறுதித் துறைக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. ஒப்புதல் வந்துவிட்டதாம். லிஃப்டுக்காரர் கருவிப் பையோடு போனார்.

"இன்னிக்கு மெக்கானிக்கா வந்தீங்களா?" என்றார் வாசற்காவலர் மலர்ச்சியோடு.

"மெக்கானிக்காதான்."

"அம்மா நல்லா இருக்காங்களா? அன்னிக்கு ரொம்பக் கஷ்டப்பட்டு ஏறினாங்க."

"ம்" என்றார் லிஃப்டுக்காரர்.

மேலே போனார். தளர்ந்திருந்தது ஒரே ஒரு கம்பிதான், அவர் சொன்ன அதே கம்பி. இறுக்கினார். பத்து நிமிடம் என்று சொல்லியிருந்தார், தப்பு. ஒன்பது நிமிடம்தான் ஆயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்து சர்வீஸ் தாளின் முன்பக்கத்தில் 'பிரேக் சரி' என்று எழுதினார். பின்பக்கத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுதாமல் மடித்துப் பையில் வைத்தார்.

இறங்கும்போது பெட்டி ஆறாம் மாடியில் நின்றது. பழைய குமாஸ்தா ஏறினார். இன்னும் வரிசையில்தான் நிற்கிறாராம். சட்டைப்பை காலியாக இருந்தது.

"ஒரு வழி இருக்கு சார்," என்றார் அவர், யாரும் இல்லாத பெட்டியிலும் குரலைத் தணித்து. "உங்க பொண்ணுக்குப் பாதி புரியும்னீங்களே. பாதி புரிஞ்சா ரெண்டாந்தர வாசகர்னு எடுத்துக்குவாங்க. கூட்டிட்டு வாங்க. இப்பதான் லிஃப்ட் ஓடுதே."

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அவள்தான் நாற்காலியை ஜன்னலுக்கு நேரே இழுத்துப் போட்டாள். எதிரே அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தாள்.

"படிங்கப்பா. பாதி போதும்."

லிஃப்டுக்காரர் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினார். நிறுத்தின இடங்களில் மகள் ஒன்றும் கேட்கவில்லை. புரியாத சொல் வந்தால் கையைத் தூக்கினாள், அவர் விளக்கினார். நாலு பக்கம் போக ஒரு மணி நேரம் ஆயிற்று.

"உங்கம்மாவுக்கு ஒரு தடவைகூட நிறுத்தி விளக்க வேண்டியிருக்கல," என்றார் அவர். "இப்படி ஒருத்தி கேட்கக் கிடைச்சாளே, அது போதும் பாப்பா. சரியாத்தான் தேர்ந்தெடுத்திருக்கேன். உனக்கு வருத்தம்தான், தெரியும். ஆனா மொழியைத் தேர்ந்தெடுக்கிறதுன்னா கேட்கிற ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுதானே?"

மகள் கைப்பையைத் திறந்தாள், நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து அப்பாவின் தாள்கள் மேல் வைத்துவிட்டு எழுந்து, அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். ஊர் மொழியில் ஒரு டாக்டர் எழுதின சீட்டு. லிஃப்டுக்காரர் அந்த மொழியில் எழுதத்தான் கூடாது, படிக்கத் தடையில்லை.

நாவலின் முதல் அத்தியாயம் எழுதப்படுவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதியிட்ட அந்தச் சீட்டில், அந்த அம்மாவுக்கு இரண்டு காதும் முழுக்கச் செவிடு என்று இருந்தது.